கண்ணப்பர் முதலில் தேடியது மருந்தை

கண்ணப்ப நாயனார் வரலாற்றைக் கேளாத சைவக் குடும்பம் இராது. காளத்தி மலைமேல் குடுமித்தேவருக்கு ஊனமுது ஏந்திவந்த திண்ணனார், இறைவனின் வலக்கண்ணில் குருதி பெருகக் கண்டு பதைத்தார், தம் கண்ணையே அம்பினால் இடந்து அப்பினார், கண்ணப்பர் ஆனார். கோயில் தூண்களிலும் கோபுரச் சுதைகளிலும் காணப்படுவது இந்தக் காட்சியே.

ஆனால் சேக்கிழார் பெருமான் காட்டும் வரலாற்றில், கண்ணை இடப்பதற்கு முன் வேறு சில செயல்கள் நிகழ்கின்றன. குருதியைக் கண்டதும் திண்ணனார் விழுந்தார், எழுந்தார், கையால் துடைத்தார், நிற்கவில்லை. தீங்கு செய்தவர் எவரேனும் அருகில் உளரோ என வில்லெடுத்துத் தேடினார், ஒருவரும் இல்லை. இறைவனைத் தழுவி அழுதார். அழுதபடியே நின்றுவிடவில்லை. வேடர்கள் அம்புபட்ட புண்ணை ஆற்றும் பச்சிலைகள் நினைவுக்கு வந்தன. மலைச்சாரலுக்கு ஓடி அவற்றைப் பறித்துவந்து பிழிந்து வார்த்தார். அதுவும் பலிக்காத பின்னரே, ஊனுக்கு ஊனே மருந்து என்னும் எண்ணம் எழுந்தது.

பக்தியின் எல்லையைக் காட்டிய அந்த அடியார், கண்ணில் நோய் கண்டவுடன் முதலில் தேடியது மருந்தை. கோயிலுக்குச் செல்லும் ஒவ்வொரு குடும்பமும் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இது. அம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொண்டு, மருத்துவரிடம் செல்வதை அடுத்த மாதம், அடுத்த அறுவடை, அடுத்த திருவிழா என்று தள்ளிப்போடும் வழக்கம் ஊர்தோறும் உள்ளது. நேர்த்தியில் பிழையில்லை. தள்ளிப்போடுவதில்தான் பிழை.

மூட்டைக்குள் இருப்பது எது?

அரியலூர் மாவட்டத்தில், அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் இடையே அமைந்த பழம்பதி உடையார்பாளையம். ஜமீன்தார்கள் ஆண்ட ஊர். கனம் கிருஷ்ணையர் போன்ற இசைவாணர்களைப் போற்றிய ஊர். இங்கே நறுமலர்ப் பூங்குழல் நாயகியுடன் எழுந்தருளியிருக்கும் பெருமானுக்குப் பயறணீஸ்வரர் என்பது திருநாமம். அர்ச்சுனன் தன் காண்டீபத்தால் உண்டாக்கியது எனத் தலபுராணம் போற்றும் காண்டீப தீர்த்தமும் இங்கே உள்ளது.

பெருமானின் பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படும் வரலாறு எளியது. மிளகு மூட்டைகளோடு வந்த வணிகர் ஒருவர், சுங்கத்துக்கு அஞ்சி அவற்றைப் பயறு மூட்டைகள் என்று பொய் சொன்னார். பின்னர்ப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது பயறே. கலங்கிய வணிகர் இத்தலத்து இறைவனிடம் முறையிட்டு வணங்க, பயறு மீண்டும் மிளகாயிற்று.

சாக்கு வெளியே ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே இருப்பது மிளகா, பயறா என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். கண்ணும் அத்தகையது. 'கண் மங்குகிறது' என்று நால்வர் சொன்னால், நால்வரின் சொல்லும் ஒன்று. உள்ளே இருக்கும் நோய் நான்கு. ஒன்று கண்ணாடியால் தீரும். ஒன்று சிறு அறுவையால் தீரும். ஒன்று இழந்ததை ஒருபோதும் திருப்பித் தராது; இருப்பதைக் காக்க மட்டுமே முடியும். மற்றொன்று குறித்த வயதுக்குள் கண்டால் பெரும்பாலும் சீராகும்; தாண்டினால் கடினம். எது எதுவென்பது வெளியிலிருந்து தெரியாது.

இப்பகுதியின் இயல்பை அறிந்தோர் உடையார்பாளையத்து நெசவுத் தெருவில் ஒரு குடும்பத்தை மனக்கண்முன் கொணர்வது எளிது. நாற்பத்தைந்து வயதுத் தறிக்காரர்; அவருடைய தாயார்; சர்க்கரை நோயுள்ள பெரியப்பா; ஒன்றாம் வகுப்பில் படிக்கும் மகள். பிரதோஷத்தன்று நால்வரும் சந்நிதியில் நிற்கின்றனர். தீபாராதனை காட்டப்படுகிறது. நால்வரும் ஒரே சுடரைத்தான் பார்க்கின்றனர். ஆனால் நால்வர்க்கும் அது ஒன்றாகத் தெரிவதில்லை.

தறிக்காரரின் கண்

ஜெயங்கொண்டம் சுற்றுவட்டாரத்தில் இலையூர், வாரியங்காவல் முதலிய ஊர்களிலும் உடையார்பாளையத்திலும் பட்டு நெசவு பலருக்குச் சோறிடும் தொழில். பாவில் ஓர் இழை அறுந்தால், தறிக்காரர் அந்த இழையைத் தேடிப் பிடித்து, விழுதிலும் அச்சிலும் மீண்டும் கோத்து முடிய வேண்டும். முடியின் அளவே உள்ள இழை அது. அரக்கு நிறப் பாவில் அரக்கு இழை; மாலை வெளிச்சம் வேறு.

நாற்பது வயதைக் கடந்தபின் இந்த வேலை தடுமாறத் தொடங்குகிறது. கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லை இளமையில் மென்மையானது. அருகில் உள்ளதைப் பார்க்கையில் சற்றுப் பருத்து, தூரத்தைப் பார்க்கையில் தட்டையாகும். வயது ஏற ஏற அது இறுகுகிறது; அருகிலிருப்பதற்காகப் பருக்கும் ஆற்றல் குறைகிறது. தூரத்துக் கோபுரக் கலசம் தெளிவாகத் தெரியும். கையிலிருக்கும் பஞ்சாங்கம் தெரியாது. இதையே மக்கள் வெள்ளெழுத்து என்றும் சாளேசரம் என்றும் வழங்குகின்றனர். இது நோயன்று, நரையைப் போல எவர்க்கும் வருவது.

ஆயினும் தறிக்காரர் இதை வெளியே சொல்வதில்லை. 'கண் போய்விட்டது' என்று பாவு கொடுக்கும் முதலாளி நினைத்துவிட்டால், நுட்பமான ஜரிகை வேலை வேறு தறிக்குப் போய்விடும் என்னும் அச்சம். கண்ணாடி அணிந்தால் பார்வை மேலும் குறையும் என்னும் தவறான எண்ணம் வேறு. சேலையில் விழும் பிழைகளுக்குக் கூலியில் பிடித்தம் நேர்கிறது. அவர் வெளிச்சத்தையும் நூலையும் குறை கூறிக்கொண்டிருக்கிறார்.

இதற்கு மருந்து ஒரு சிறு கண்ணாடி. அதனால் விளையும் நன்மையை அளந்தே காட்டியிருக்கின்றனர். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளர்களிடம் நிகழ்த்திய ஆய்வொன்று 2018இல் வெளியாயிற்று. கிட்டப் பார்வைக் கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாகக் கொழுந்து பறித்தனர். தேயிலைக் கொழுந்துக்கே இவ்வளவு என்றால், பட்டிழைக்கு எவ்வளவு என்பதை நெசவாளர் குடும்பங்கள் எளிதில் கணக்கிடலாம்.

கண்ணாடி அணிவதால் கண் சோம்பிப் போவதில்லை. அணியாவிட்டாலும் வயதின் மாற்றம் நிற்பதில்லை. இடைப்பட்ட காலத்தில் இழப்பது உழைப்பின் பயன் மட்டுமே.

பரிசோதனை அறையில் நிகழ்வது

கண் பரிசோதனை என்றால் எழுத்துகளைப் படித்துக் காட்டுவது மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். அது வாயிற்படி மட்டுமே.

எழுத்துப் பலகையை வகுத்தவர் நெதர்லாந்து நாட்டு மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன், ஆண்டு 1862. ஆறு மீட்டர் தொலைவிலிருந்து ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மறைத்துப் படிக்கச் செய்வர். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு மூன்று கைகள் நீட்டியதுபோன்ற வடிவத்தைக் காட்டி, அது எப்பக்கம் நோக்குகிறது என்று விரலால் காட்டச் சொல்வர். ஆகவே படிப்பில்லை என்னும் கூச்சத்துக்கு இடமில்லை. '6/60' என்று சீட்டில் எழுதியிருந்தால், நல்ல பார்வை உடையவர் அறுபது மீட்டரில் காணும் எழுத்தை அவர் ஆறு மீட்டருக்கு வந்தால்தான் காண்கிறார் என்பது பொருள்.

அடுத்து, ஆப்டோமெட்ரிஸ்ட் என்னும் பார்வைப் பரிசோதகர், வெற்றுச் சட்டத்தில் வில்லைகளை மாற்றி மாற்றி இட்டு, கண்ணாடியின் அளவை முடிவு செய்வார். பின்னர் ஸ்லிட் லேம்ப் என்னும் கருவியின் மெல்லிய ஒளிக்கீற்றில் கருவிழியையும் கண்வில்லையையும் பெரிதாக்கிப் பார்ப்பார். கண்ணின் உள்ளழுத்தத்தை அளப்பார். பொதுவாக 10 முதல் 21 வரை இயல்பு என்பர். தேவையெனில் கண்மணி விரியச் சொட்டு மருந்து இடுவர். விழித்திரையையும் பார்வை நரம்பையும் மருத்துவர் நோக்குவார். உயிருள்ள மனிதனின் விழித்திரையைக் காணும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1851இல் உலகுக்கு அறிவித்தார். உடலைக் கீறாமலே இரத்தக் குழாய்களை நேரில் காணக்கூடிய இடம் கண்ணின் உட்புறம். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் செய்யும் கேடு அங்கே தெரிந்துவிடும்.

சொட்டு மருந்து இட்டபின் சில மணி நேரம் பார்வை கலங்கும், வெயில் கூசும். ஆகையால் தனியே வண்டியோட்டிக்கொண்டு செல்லாமல், வீட்டார் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நன்று.

இப்பரிசோதனையே மூட்டையைப் பிரித்துப் பார்ப்பது. கடைத்தெருவில் ஆயத்தக் கண்ணாடி ஒன்றை வாங்கி அணிந்தவருக்கு எழுத்துத் தெரியலாம்; ஆனால் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் வேறொரு நோய் தெரியாமலே போகலாம்.

தாயாரின் கண்

தறிக்காரரின் தாயார்க்குச் சந்நிதி விளக்கு பஞ்சுப்பொதிபோல் கலைந்து தெரிகிறது. எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்கிறது. அவருக்கு இருப்பது கண்புரை. பளிங்குபோல் இருந்த கண்வில்லை, வயதால் பாலேடுபோல் மங்கிவிட்டது. இதைக் கரைக்கும் சொட்டு மருந்து இன்றளவும் இல்லை. பத்தியமோ கண்பயிற்சியோ அதை அகற்றாது. மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையைப் பொருத்துவதே வழி.

அக்காலத்தில் புரையை எடுத்துவிட்டு, சோடாப் புட்டியின் அடிபோன்ற தடித்த கண்ணாடியை அணிவித்தனர். 1949இல் லண்டனில் ஹாரால்ட் ரிட்லி என்னும் மருத்துவர் முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை வில்லையை வைத்தார். போர்விமானங்களின் முகப்புத் தகடு உடைந்து, அதன் துணுக்குகள் விமானிகளின் கண்ணில் தங்கியும் கேடு செய்யாதிருந்ததைக் கண்டே, அவ்வகைப் பொருளால் வில்லை செய்யலாம் என்று அவர் துணிந்தார். இன்று உரிய மருந்தால் கண்ணை மரக்கச் செய்து, சில நிமிடங்களில் இச்சிகிச்சை முடிகிறது. பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகின்றனர்.

இச்சிகிச்சை எளியவரின் கைக்கு எட்டியதில் தமிழ்நாட்டுக்குத் தனிப்பங்கு உண்டு. 1918இல் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமியை இளமையிலேயே முடக்குவாதம் தாக்கியது, விரல்கள் கோணின. அந்த விரல்களுக்கேற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளை அவர் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின், 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கி, தாம் போற்றிய ஸ்ரீ அரவிந்தரின் பெயரை அதற்கு இட்டார். பணம் தரக்கூடியவர் தரும் கட்டணத்தால், தர இயலாதவர்க்கும் அதே தரத்தில் சிகிச்சை அளிப்பது அவர் வகுத்த முறை. அயல்நாட்டு வில்லைகளின் விலை எளியவர்க்கு எட்டாதிருந்தமையால், 1992இல் ஆரோலேப் என்னும் கூடத்தில் வில்லைகளை இங்கேயே செய்யத் தொடங்கினர். விலை பன்மடங்கு இறங்கிற்று.

காஞ்சி ஸ்ரீ ஜெயேந்திர சரஸ்வதி சுவாமிகள், தொண்டுள்ளத்தோடு நடைபெறும் மருத்துவமனை ஒன்று வேண்டும் என 1976இல் மருத்துவர்களிடம் வலியுறுத்தினார். அந்த அருளுரையின் பயனாக 1978இல் சென்னையில் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் அவர்களால் சங்கர நேத்ராலயா தோன்றியது. அருளாளர்கள் கண்ணொளிக்காக இறைவனை வேண்டுமாறு மட்டும் சொல்லவில்லை. மருத்துவமனை கட்டுமாறும் சொன்னார்கள்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், கொள்ளிடத்துக்கு அப்பால் தஞ்சையில் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் நினைவுக்கு வருவார். காசி யாத்திரை சென்ற பக்திமான் அவர். தன்வந்திரி மகால் அமைத்து, நாட்டு மருத்துவத்தையும் மேலை மருத்துவத்தையும் ஒருங்கே போற்றினார். அவர் காலத்துக் கண்நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும் நோயுற்ற கண்களின் வண்ண ஓவியங்களும் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. அதே காலத்தில், 1819இல், இன்றைய எழும்பூர்க் கண் மருத்துவமனையின் தொடக்கம் சென்னையில் நிகழ்ந்தது. ஆதலால் கண்ணைக் காட்டி மருத்துவம் பெறுவது இம்மண்ணுக்குப் புதிய வழக்கம் அன்று.

"எனக்கு வயசாயிடுச்சு, இனி எதுக்கு ஆபரேஷன்?" என்பது தாயாரின் கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியவள் பேத்தி. "அப்பாயி, சாமி மூஞ்சி நல்லாத் தெரிய வேண்டாமா?" என்று அவள் கேட்டால், மறுமொழி இராது. புரையுள்ள கண்ணோடு படி தவறி விழுந்து இடுப்பு முறிந்த முதியோர் பலர். எஞ்சிய ஆண்டுகளைப் பிறர் கையைப் பற்றாமல் வாழ்வதற்காகவே இச்சிகிச்சை.

பெரியப்பாவின் கண்

நால்வரில் மிகுந்த ஆபத்தில் இருப்பவர் பெரியப்பா. அவரோ, தம் கண்ணில் குறையில்லை என்கிறார்.

சர்க்கரை நோய் நெடுநாள் நீடித்தால், விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியும்; அடைபடும். தொடக்கத்தில் வலி இல்லை. பார்வைக் குறைவும் இல்லை. தெரியத் தொடங்கும்போது கேடு முற்றியிருக்கும். லேசர் ஒளியாலும், கண்ணுக்குள் இடும் ஊசி மருந்தாலும் இதைத் தடுக்க முடியும்; ஆனால் உரிய காலத்தில் வர வேண்டும். சர்க்கரை நோயுள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கண்மணியை விரியச் செய்து விழித்திரையைப் பார்த்துக்கொள்வது கடமை.

கிளாக்கோமா என்னும் கண்நீர் அழுத்த நோயும் இத்தகையது. கண்ணின் உள்ளழுத்தத்தால் பார்வை நரம்பு சிறிது சிறிதாக நலிகிறது. முதலில் போவது பக்கவாட்டுப் பார்வை. நேர்ப்பார்வை கடைசிவரை நிற்கும். ஆகவே எழுத்துப் பலகையை முழுதும் படித்துவிடுபவர்க்கும் இந்நோய் இருக்கலாம். கதவு நிலையில் தோள் இடிப்பதும், பக்கத்தில் வருபவரைக் காணாமல் மோதுவதும் முதுமையின் தடுமாற்றம் என்றே வீட்டார் எண்ணிவிடுவர். இந்நோயில் இழந்த பார்வை எந்த அறுவையாலும் திரும்பாது. நாள்தோறும் தவறாமல் இடும் சொட்டு மருந்து, மிச்சமிருப்பதைக் காக்கும். குடும்பத்தில் ஒருவர்க்கு இருந்தால், உடன்பிறந்தவரும் மக்களும் நாற்பது வயதுக்குள்ளேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருந்துக்கடையில் தாமாகச் சொட்டு மருந்து வாங்கி மாதக்கணக்கில் இடும் வழக்கமும் இங்கே எண்ணத்தக்கது. ஸ்டீராய்டு கலந்த மருந்துகள் சிவப்பையும் அரிப்பையும் உடனே தணிக்கும், நீண்ட நாள் இட்டால் கண் அழுத்தத்தை உயர்த்தும், புரையையும் வருவிக்கும்.

குழந்தையின் கண்

குழந்தை எதுவும் சொல்வதில்லை. ஒரு கண் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் பிறவியிலேயே அமைந்திருந்தால், உலகம் அப்படித்தான் இருக்கும் என்று அது நினைத்துக்கொள்ளும். மங்கலான கண் அனுப்பும் காட்சியை மூளை தள்ளிவிடப் பழகிவிடுகிறது. நாளடைவில் அந்தக் கண், உறுப்பில் குறையின்றியே பார்வை குன்றும். இதைச் சோம்பல் கண் என்பர்.

சிகிச்சை எளிது. உரிய கண்ணாடியும், நல்ல கண்ணை நாளுக்குச் சில மணி நேரம் மறைத்துவைப்பதும் போதும். உறங்கிய கண் உழைக்கக் கற்கும். ஆனால் ஏழெட்டு வயதுக்குள் செய்தால் பயன் மிகுதி. பின்னர் வரவரக் குறையும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடும் குடும்பங்கள், குழந்தையின் ஒரு கண்ணையே அந்த நம்பிக்கைக்கு விலையாகக் கொடுக்கின்றன. பள்ளியில் சேர்க்கும் ஆண்டில், காது குத்துவதற்கு நாள் பார்ப்பதுபோல் கண் பார்ப்பதற்கும் ஒரு நாள் குறிக்கலாம்.

எங்கே செல்வது? எதைத் தவிர்ப்பது?

முதற்படிக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பணிபுரியும் கண் மருத்துவ உதவியாளர்கள் பார்வையைச் சோதிப்பர். தகுதி பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட் உள்ள கண்ணாடிக் கடைகளிலும் கண் பரிசோதனை நிலையங்களிலும் அளவெடுக்கலாம். அங்கே எழுத்துப் பலகையோடு நின்றுவிடாமல், கண் அழுத்தமும் அளப்பார்களா என்று கேட்டுக்கொள்வது நன்று. நோய் தென்பட்டால் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பார்வையற்றோர் எண்ணிக்கையைக் குறைப்பதற்கான தேசியத் திட்டம் 1976 முதல் நடைபெறுகிறது. கண்புரைக்கு இலவச முகாம்கள் ஊர்தோறும் நிகழ்கின்றன. அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. திருச்சியில் ஜோசப் கண் மருத்துவமனையும், புதுச்சேரியில் அரவிந்த் கண் மருத்துவமனையும் இப்பகுதியினர் சென்றுவரக் கூடியவையே.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. வயலில் நெல் தோகையோ முந்திரித் தோப்பில் குச்சியோ கண்ணில் பட்டால், தாய்ப்பாலும் இலைச்சாறும் விளக்கெண்ணெயும் இடுவது பழைய பழக்கம். தாவரப் பொருளால் ஏற்பட்ட கீறலில் பூஞ்சைக் கிருமி பற்றிக் கருவிழி புண்ணாகும். இச்சாறுகள் அதை மேலும் வளர்க்கும். தூய நீரால் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்வதே முறை. கண்ணப்பர் பிழிந்தது பச்சிலையை ஆயிற்றே எனலாம். தம் காலத்தில் தாம் அறிந்தவற்றுள் சிறந்த மருத்துவத்தை அவர் நாடினார். இக்காலத்தில் அறிந்தவற்றுள் சிறந்ததை நாடுவதே அவர் வழியில் நிற்பது.

திடீரெனப் பார்வை மறைவது, கண்முன் மின்னல் வெட்டித் திரை விழுந்ததுபோல் தோன்றுவது, கடும் வலியோடு கண் சிவந்து வாந்தி எடுப்பது ஆகிய மூன்றும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்.

ஊன்றுகோலும் அருளே

பார்வை திரும்பவே திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டவர்களும் உளர். அவர்கள் முன்வினையைச் சொல்லி வருத்தும் பேச்சு கோயில் பிராகாரத்திலும் கேட்கிறது. சுந்தரமூர்த்தி நாயனார் வரலாற்றை அவர்கள் நினைக்க வேண்டும். திருவொற்றியூர் எல்லையில் பார்வை இழந்த அவருக்கு, காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் கிடைத்தன. இடையே திருவெண்பாக்கத்தில் இறைவன் கொடுத்தது கண்ணன்று, ஊன்றுகோல். அதைப் பற்றிக்கொண்டே அவர் வழி நடந்தார்.

உருப்பெருக்கிக் கண்ணாடி, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி, படித்துக் காட்டும் கைப்பேசி, வெண்கோல் ஆகியவை இக்காலத்து ஊன்றுகோல்கள். பெரிய கண் மருத்துவமனைகளில் குறைபார்வைப் பிரிவு என்றே தனிப்பகுதி இருக்கிறது. பார்வை முழுதும் இல்லாதவரும் அங்கே சென்று, வீட்டில் தாமே நடமாடவும் சமைக்கவும் பழகிக்கொள்ளலாம்.

கண்தானமும் இங்கே சேர்த்து எண்ணத்தக்கது. இறந்தபின் ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குச் சொல்லிவிட்டால், கருவிழியைப் பெற்றுச் செல்வர். முகம் விகாரப்படாது; ஈமக் கடன்களுக்கும் தடையில்லை. கண்ணாடி அணிந்தவரும், புரை அறுவை செய்துகொண்டவரும் தரலாம்.

அடுத்த பிரதோஷத்துக்குள் உடையார்பாளையத்துக் குடும்பம் செய்ய வேண்டியது ஒன்றே: நால்வரும் ஒரு நாள் காலை ஒன்றாகக் கண் பரிசோதனைக்குச் செல்வது. தறிக்காரர் ஒரு கண்ணாடியோடு திரும்புவார். தாயாருக்கு அறுவைக்கு நாள் குறிப்பர். பெரியப்பா தமக்குத் தெரியாதிருந்த நோயைத் தெரிந்துகொள்வார். குழந்தையின் ஒரு கண்ணை மறைத்துக் கட்டுவர்; அவள் சில நாள் அழுவாள்.

நேர்ந்துகொண்ட கண்மலரை அதன்பின் சமயபுரத்தாளுக்குச் சாத்தலாம். அப்போது தட்டில் உள்ள அந்த வெள்ளிக் கண்களை அப்பாயியே பார்த்து எடுத்துக் கொடுப்பார்.